இரண்டுபட்ட சீமை

மாட்டுங்கா லேபர் கேம்பிலும் தாராவியின் பிற பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து குடியேறியவை. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர்கள் கயத்தாறு, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் முதலிய பெயர்களைப் பேருந்துகளின் முகப்பில் படித்திருப்பர். இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர், இவ்வூர்களைச் சுற்றி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகப் பெரும்போர் ஒன்று மூண்டது. அதனைப் பாளையக்காரர் போர் என்றும் தென்னிந்தியக் கிளர்ச்சி என்றும் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

மேற்கூறிய ஊர்களுள் ஒன்றோடு தொடர்புடைய பெயர் தமிழில் வசைச்சொல்லாக வழங்குகிறது. உடனிருந்து காட்டிக்கொடுத்தவரை 'எட்டப்பன்' என்று ஏசுவர். எட்டப்பர் என்பது எட்டயபுரத்தை ஆண்ட தலைவர்களின் மரபுப்பெயர். கம்பெனியை எதிர்த்த பாஞ்சாலங்குறிச்சியும் கம்பெனியோடு நின்ற எட்டயபுரமும் அண்டை நிலங்கள். ஒரே மழையை நம்பி ஒரே கரிசல் மண்ணில் வாழ்ந்தோர் ஏன் இரு பக்கமாகப் பிரிந்தனர்? இப்பாடம் இவ்வினாவுக்கு விடை தேடுகிறது.

பாளையமும் பாளையக்காரரும்

பதினாறாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கர், தம் அமைச்சர் அரியநாத முதலியாரின் துணையோடு நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பர். ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு தலைவர் இருந்தார். அவரே பாளையக்காரர். அவர் தம் பகுதியில் வரி தண்டினார், வழக்குத் தீர்த்தார், ஊர்க்காவல் புரிந்தார், மதுரை அரசு அழைக்கும்போது படையுடன் சென்றார். மேற்குப் பாளையங்களில் பெரும்பாலும் மறவர் தலைவர்களும், கிழக்குப் பாளையங்களில் பெரும்பாலும் தெலுங்கு பேசும் நாயக்கர் தலைவர்களும் ஆண்டனர்.

இம்முறையில் கடமை ஒரு சங்கிலி போல் அமைந்திருந்தது. உழவர் தம் பாளையக்காரருக்குக் கட்டுப்பட்டார். பாளையக்காரர் மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்டார். அண்டைப் பாளையத்தோடு யாருக்கும் கடமை இல்லை. எல்லை, ஊர்க்காவல் உரிமை ஆகியவற்றின் பொருட்டு அண்டைப் பாளையங்கள் தம்முள் பகைப்பதும் உண்டு.

1736ஆம் ஆண்டு மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. சங்கிலியின் மேல்முனை அறுந்தது. பாளையக்காரர்கள் தம்மைத் தன்னாட்சி உடையவர்களாகக் கருதினர். ஆர்க்காட்டு நவாபோ அவர்கள் தமக்கே வரி செலுத்த வேண்டும் என்றார். அந்த நவாப் முகம்மது அலி, போர்ச்செலவுகளுக்காகக் கம்பெனியிடம் பெருங்கடன் பட்டிருந்தார். கடனை அடைக்க வரி தண்டும் உரிமையைக் கம்பெனிக்குச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்தார். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் உரிமை கம்பெனியின் கைக்கு வந்தது. வணிகம் செய்ய வந்தோர் வரி கேட்கத் தொடங்கினர்.

இனி யாருக்குக் கட்டுப்படுவது? நவாபுக்கா, கம்பெனிக்கா, தமக்கு மட்டுமா? இவ்வினாவுக்கு ஒவ்வொரு பாளையக்காரரும் ஒவ்வொரு விடை கண்டார்.

முதல் எதிர்ப்பு

1755ஆம் ஆண்டு கர்னல் ஹெரான் என்பவரின் தலைமையில் கம்பெனிப் படை திருநெல்வேலிச் சீமைக்குள் நுழைந்தது. நெற்கட்டும்செவல் பாளையத்தின் புலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தார். அவரது கோட்டையைத் தகர்க்கும் பெரும்பீரங்கிகள் இன்மையால் ஹெரான் திரும்பிச் சென்றார். பின்னர்ப் புலித்தேவர் மேற்குப் பாளையங்கள் பலவற்றைத் திரட்டி ஒரு கூட்டணி அமைத்தார். அவரோடு நின்ற ஒண்டிவீரனின் வீரத்தை மக்கள் இன்றும் கதையாகப் போற்றுகின்றனர்.

அக்கூட்டணியில் சிவகிரி சேரவில்லை. எட்டயபுரமும் சேரவில்லை. பிற்காலத்தில் எதிர்ப்பின் சின்னமாக விளங்கிய பாஞ்சாலங்குறிச்சியும் அன்று சேரவில்லை என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். எந்த ஊரும் எக்காலத்தும் ஒரே பக்கம் நின்றதில்லை.

புலித்தேவரின் கோட்டைகளை 1761ஆம் ஆண்டு கைப்பற்றியவர், கம்பெனியின் சிப்பாய்ப் படைத்தலைவர் யூசுப்கான். இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்த இவரை மருதநாயகம் என்றும் கூறுவர். கம்பெனிக்குப் பல வெற்றிகளை ஈட்டித் தந்த இவர், மதுரையையும் திருநெல்வேலியையும் நிருவகிக்கும் பொறுப்பைப் பெற்றார். அவர் வளர்வதை நவாப் விரும்பவில்லை; தம் கீழ் அடங்கி நடக்குமாறு கட்டளையிட்டார். கம்பெனி நவாபின் பக்கமே சாய்ந்தது. யூசுப்கான் பணிய மறுத்துத் தனியாட்சி நாட்டினார். மதுரைக் கோட்டை முற்றுகைக்கு உள்ளாயிற்று. நெடுநாள் தாங்கிய அக்கோட்டை பீரங்கியால் விழவில்லை. உள்ளிருந்த அவருடைய ஆட்களே அவரைப் பிடித்துப் பகைவரிடம் ஒப்படைத்தனர். 1764 அக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார். கம்பெனியின் வீரர், கம்பெனியின் பகைவர் என்னும் இரு நிலைகளும் ஒரே மனிதரின் வாழ்வில் அடங்கின.

பாஞ்சாலங்குறிச்சியின் கதை

வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் கம்பெனிக்கும் இடையிலான பூசல் வரிப்பாக்கியில் தொடங்கியது. 1798ஆம் ஆண்டு அவர் செலுத்த வேண்டிய பாக்கி 3310 பகோடா எனக் கம்பெனி கணக்கிட்டது. பகோடா என்பது அக்காலப் பொற்காசு. கலெக்டர் ஜாக்சன் அவரை நேரில் வருமாறு ஆணையிட்டார். கட்டபொம்மன் காணச் சென்றபோதெல்லாம் பேட்டி தராமல் ஊர் ஊராக அலையவிட்டு, இறுதியில் இராமநாதபுரத்தில் சந்தித்தார். அங்குக் கைகலப்பு மூண்டது. கிளார்க் என்னும் ஆங்கிலேய அதிகாரி உயிரிழந்தார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார்.

இதன்பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. கட்டபொம்மன் சென்னையிலிருந்த கம்பெனி அரசிடமே முறையிட்டார். விசாரணைக் குழு அவர்மீது குற்றமில்லை எனக் கண்டது. ஜாக்சன் பதவியிழந்தார், லூஷிங்டன் கலெக்டரானார். எனவே 1798இல் கட்டபொம்மன் போரை மட்டுமே நாடியவர் அல்லர். நியாயம் கிடைக்குமாயின் கம்பெனியோடு பேசவும் அவர் அணியமாக இருந்தார்.

ஆயினும் பகை தணியவில்லை. கட்டபொம்மன் சிவகங்கையின் மருது சகோதரர்களோடு நெருங்கினார். கம்பெனிக்குக் கப்பம் கட்டிவந்த சிவகிரியின்மீது படை அனுப்பினார். இதனைத் தனக்கு விடுக்கப்பட்ட அறைகூவலாகக் கம்பெனி கருதியது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். அவரைக் களப்பூர்க் காட்டில் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டை அரசர் தொண்டைமான். அக்டோபர் திங்களில் கயத்தாற்றில், பிற பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன்னே கட்டபொம்மனைப் பானர்மன் தூக்கிலிட்டார். எதிர்ப்பவருக்கு என்ன நேரும் என்பதை எல்லாரும் காண வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

எட்டயபுரம் ஏன் பிரிந்து நின்றது?

எட்டயபுரத்தாரும் பாஞ்சாலங்குறிச்சியாரும் தெலுங்கு பேசும் நாயக்கர் மரபினரே. ஆகவே மொழியோ குலமோ அவர்களைப் பிரிக்கவில்லை. அவர்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாக எல்லைத் தகராறு இருந்தது. பாஞ்சாலங்குறிச்சி வலுத்தால் தம் ஊர்கள் பறிபோகும் என எட்டப்பர் அஞ்சினார். தொலைவிலிருந்து வந்த கம்பெனியைவிட, அடுத்த வயலில் நின்ற அண்டைவீட்டாரே அவருக்குப் பெரும்பகையாகத் தோன்றினார். கம்பெனியோ அவருடைய அச்சத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டது. போர் முடிந்தபின் பாஞ்சாலங்குறிச்சியின் நிலத்தில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குக் கிடைத்தது.

புதுக்கோட்டைத் தொண்டைமானின் நிலை வேறு. அவருடைய குடி, ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் நிகழ்ந்த காலந்தொட்டே ஆங்கிலேயரின் நட்பைப் பேணியது. அந்த நட்பைக் காப்பதே தம் கடமை என அவர் எண்ணினார். அதன் பயனாகப் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக 1948 வரை நிலைத்தது.

இக்காரணங்களை அறிவதால் அவர்கள் செய்தது சரியாகிவிடாது. ஆனால் 'துரோகி' என்னும் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால், கம்பெனி எவ்வாறு வென்றது என்பது நமக்கு விளங்காது. 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்னும் பழமொழியின் பொருளை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. கம்பெனி புதிய பகைகளை உண்டாக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இருந்த பகைகளைக் கண்டறிந்து, ஒரு பக்கத்தாருக்குக் கைகொடுத்தால் போதுமானதாக இருந்தது.

ஊமைத்துரையும் மருது சகோதரர்களும்

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். 1801 பிப்ரவரியில் அவரும் தோழர்களும் சிறையிலிருந்து தப்பினர். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மக்கள் சில நாள்களிலேயே மீண்டும் எழுப்பினர். மேஜர் மெக்காலேயின் தாக்குதல் தோற்றது. பின்னர்ப் பெரும்படையும் பீரங்கிகளும் கொண்டு வந்த கர்னல் அக்னியு மே மாத இறுதியில் கோட்டையைப் பிடித்தார். எட்டயபுரத்து வீரர்கள் இம்முறையும் கம்பெனியோடு நின்றனர். ஊமைத்துரை தப்பிச் சிவகங்கையில் மருது சகோதரர்களை அடைந்தார். கம்பெனி அவரை ஒப்படைக்கச் சொல்லியும் மருது சகோதரர்கள் இணங்கவில்லை.

மருது சகோதரர்கள் அரச குடியில் பிறந்தவர்கள் அல்லர். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணிபுரிந்தவர்கள். 1772இல் காளையார்கோவிலில் மன்னர் கொல்லப்பட்டபின், அரசி வேலுநாச்சியார் விருப்பாட்சியில் எட்டு ஆண்டுகள் தங்கிப் படை திரட்டினார். ஹைதர் அலி அவருக்கு உதவினார். 1780இல் அரசி சிவகங்கையை மீட்டபோது மருது சகோதரர்கள் அவருக்குத் துணை நின்றனர். பின்னர் நாட்டை நிருவகித்தனர்.

சிவகங்கையைச் சுற்றி இப்போது விரிந்த கூட்டணி ஒன்று உருவாகியிருந்தது. விருப்பாட்சி கோபால நாயக்கர், மலபாரின் கேரளவர்மா, மைசூர்ப் பகுதியில் போரிட்ட மராட்டிய மரபினரான துந்தாஜி வாக் ஆகியோரிடையே தொடர்புகள் ஏற்பட்டிருந்தன. தமிழரும் மலையாளியும் மராட்டியரும் ஒருவரையொருவர் துணையாக நாடியது இப்போரின் புதுமை. ஆயினும் துந்தாஜி 1800 செப்டம்பரிலேயே கம்பெனிப் படையோடு பொருது மாண்டார்.

சுவரில் ஒட்டிய அறிக்கை

1801 ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் பெயரால் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அதன் ஒரு படி திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும், மற்றொன்று திருவரங்கம் கோயிற்சுவரிலும் ஒட்டப்பட்டது. அது எந்தப் பாளையத்தாரையும் தனித்து விளிக்கவில்லை. காண்போர் எல்லாரும் கவனத்தோடு படிக்குமாறு வேண்டியது. சாதி சமய வேறுபாடின்றி நாவலந்தீவில் வாழும் அனைவரையும் அழைத்தது. நாவலந்தீவு என்பது நம் நாட்டைக் குறிக்கும் பழம்பெயர். நவாப் அறியாமையால் ஐரோப்பியருக்கு இடங்கொடுத்ததையும், மக்கள் தமக்குள் ஒற்றுமையின்றி நாட்டை இழந்ததையும் அவ்வறிக்கை எடுத்துரைத்தது.

அதில் மற்றொரு பகுதி நம் பாடத்துக்கு இன்றியமையாதது. கம்பெனியின் படையில் பணிபுரிந்த சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் ஆகியோரை அறிக்கை பதவி பதவியாக விளித்து, ஆயுதம் ஏந்தத் தெரிந்த அவர்கள் தம் வீரத்தை நாட்டுக்காகக் காட்ட வேண்டும் என்றது. ஏனெனில், கம்பெனிப் படையில் ஆங்கிலேயர் சிலரே. தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்களே பலர். மாதந்தோறும் தவறாத சம்பளம் அவர்களைப் படையில் சேர்த்தது. உண்ட சோற்றுக்கு நன்றி காட்டுவதே அறம் என அவர்களுள் பலர் நம்பினர். சோறிட்டவருக்கா, பிறந்த மண்ணுக்கா, எதற்குக் கடன் முந்தியது என்னும் வினாவை அந்த அறிக்கை அவர்கள் முன் வைத்தது.

அதற்கு முன்னர்ப் பற்று என்பது ஊரையும் தலைவரையும் சார்ந்ததாக இருந்தது. 1801இன் அறிக்கை அதனைப் பரந்த நாட்டோடு இணைத்தது. ஆனால் பழைய பகைகள் ஓர் அறிக்கையால் மறைந்துவிடவில்லை.

போரின் முடிவு

கம்பெனி மீண்டும் பழைய வழியையே நாடியது. சிவகங்கை அரச மரபில் உரிமை கோரிய படமாத்தூர் கௌரி வல்லபரை அந்நாட்டின் ஆட்சியாளராக அறிவித்தது. அரச குடியின்மீது பற்றுடைய மக்கள் மருது சகோதரர்களை விட்டு விலகுவர் என எதிர்பார்த்தது. அவ்வாறே பலர் விலகினர். 1801 அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் கொல்லப்பட்டார். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் 1802இல் கடல் கடத்தப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர்.

பிளவுபட்ட உள்ளம் கம்பெனிப் பக்கத்திலும் இருந்தது. ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி இளமையில் சின்ன மருதுவின் நண்பராக இருந்தவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்கு முதலில் கற்பித்தவர் சின்ன மருதுவே. வளரி என்பது வீசி எறியும் வளைந்த படைக்கலம். 1801இல் அந்த நண்பரையே வேட்டையாடும் படையில் வெல்ஷ் பணிபுரிந்தார். 1830இல் வெளியிட்ட தம் நூலில், மருதுவின் அன்பையும் எளிமையையும் புகழ்ந்து, அவருக்கு நேர்ந்த முடிவுக்கு வருந்தி எழுதினார்.

பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்களின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. பாளையக்காரர்களின் இடத்தில் கம்பெனிக்கு வரி தண்டித் தரும் ஜமீன்தார்கள் அமர்ந்தனர். எனினும் சிப்பாய்களின் உள்ளத்தில் எழுந்த வினா ஓயவில்லை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில், புதிய தலைப்பாகை முதலிய கட்டாயங்களை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அன்றே ஆர்க்காட்டிலிருந்து வந்து அக்கிளர்ச்சியை ஒடுக்கிய குதிரைப்படையிலும் இந்தியர் இருந்தனர்.

கடலுக்கு அப்பால்

உள்ளம் இரண்டுபடுவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவில் ஆங்கிலேயரின் 13 குடியேற்றங்கள் 1775 முதல் 1783 வரை விடுதலைப் போர் நடத்தின. அங்கும் மக்களுள் ஒரு பகுதியினர் ஆங்கில மன்னரின் பக்கம் நின்றனர். விடுதலைத் தலைவர்களுள் ஒருவரான பெஞ்சமின் பிராங்கிளினின் மகன் வில்லியமே மன்னருக்காக நியூஜெர்சியின் ஆளுநராகப் பணியாற்றினார். தந்தையும் மகனும் பிரிந்தனர். போருக்குப்பின் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர்.

1781இல் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ், சில ஆண்டுகளில் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார். பாளையக்காரர்களின் கப்பத்தைக் கம்பெனிக்கு மாற்றிய 1792ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர் காலத்ததே. அமெரிக்கருக்குப் பிரான்சு பெரும்படையும் கப்பற்படையும் அனுப்பி உதவியது. மருது சகோதரர்களுக்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை. மைசூரின் திப்பு சுல்தானும் 1799இலேயே வீழ்ந்துவிட்டார்.

ஒரு சொல்லும் ஓர் ஊரும்

'எட்டப்பன்' என்னும் சொல் இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படமும் இக்கதையைத் தமிழர் வாழும் இடமெல்லாம் கொண்டு சேர்த்தது. ஒரு தலைவரின் செயல் காலப்போக்கில் ஓர் ஊரின்மீதே பழியாகப் படிந்தது. ஆனால் எட்டயபுரத்து உழவரிடம் யாரும் கருத்துக் கேட்டுப் போரில் இறங்கவில்லை.

போர் முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப்பின், 1882இல், அதே எட்டயபுரத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. சிறுவனாக இருக்கும்போதே எட்டயபுரத்துப் புலவர் அவையில் 'பாரதி' என்னும் பட்டம் பெற்ற அவரே, நாட்டு விடுதலைக்காகப் பாடி, ஆங்கிலேய அரசின் சினத்துக்கு ஆளான மகாகவி சுப்பிரமணிய பாரதியார். பாஞ்சாலங்குறிச்சியில் தமிழக அரசு 1974இல் நினைவுக்கோட்டை எழுப்பியது. எட்டயபுரத்தில் பாரதியின் மணிமண்டபம் நிற்கிறது. ஊருக்குச் செல்லும்போது ஒரே நாளில் இரண்டையும் கண்டு வரலாம்.

சிந்தித்து விடை தருக

1. மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்றது பாளையக்காரர்களின் கடமை உணர்வை எவ்வாறு பாதித்தது?

2. எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனியோடு நின்றதற்குரிய காரணங்களை ஒப்பிடுக.

3. 1801ஆம் ஆண்டு அறிக்கை சிப்பாய்களைத் தனியே விளித்தது ஏன்? நீங்கள் அன்று சம்பளம் பெறும் சிப்பாயாக இருந்து அதனைப் படித்திருந்தால் என்ன முடிவு செய்திருப்பீர்கள்? பத்து வரிகளில் எழுதுக.

4. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொந்த ஊரின் பெயரைக் கேட்டறிந்து, அது எந்தப் பழைய பாளையத்துக்கு அருகில் உள்ளது என்பதை வரைபடத்தில் குறிக்க.